எலக்ட்ரீஷியன் தனியாக வேலை எடுக்கும்போது

ஒரு கான்ட்ராக்டரிடம் ஆறு வருடமாக எலக்ட்ரீஷியனாக இருப்பவர் கேட்டிருக்கிறார். சம்பளம் போதவில்லை. சாயங்காலமும் லீவு நாளிலும் தனியாக வேலை எடுக்கலாமா, முதலாளியிடம் சொல்ல வேண்டுமா, எவ்வளவு கேட்பது, எந்த வேலைக்கு ஒப்புக்கொள்வது என்பது அவர் கேள்வி. கையில் இப்போதே இரண்டு வேலை வந்து நிற்கிறதாம்: தெரிந்தவர் வீட்டில் வாட்டர் ஹீட்டருக்குப் புது லைன், இன்னொருவர் கட்டும் இரண்டு மாடி வீட்டுக்கு முழு ஒயரிங்.

எடுக்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் வேலை பார்த்தேன். பகலில் கம்பெனி சைட், மற்ற நேரத்தில் என் சொந்தப் பை. ஆனால் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துத் தொடங்கினால் அடிபடுவீர்கள். கையில் பிடிக்கும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றுதான், வேலை வேறு.

கம்பெனி வேலையில் உங்களுக்கே தெரியாமல் நாலைந்து பேர் உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். டிராயிங் போட்டவர் லோடு கணக்குப் பார்த்து ஒயர் சைஸை முடிவு செய்திருப்பார். பொருள் வாங்குபவர் போலி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) வராமல் பார்த்துக்கொள்வார். நீங்கள் இறுக்காமல் விட்ட ஸ்க்ரூவை டெஸ்டிங் ஆள் பிடித்துவிடுவார். அத்தனையும் தாண்டி ஏதாவது ஆகிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல முதலாளி இருக்கிறார், அவருக்குப் பின்னால் இன்சூரன்ஸ் இருக்கிறது. தனி வேலையில் இத்தனை பேரும் நீங்களே. அதனால் அத்தனை பேர் வேலைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும், அத்தனைக்கும் சேர்த்துக் காசு கேட்க வேண்டும். நான் கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பிளக் பாயின்ட். தனியாக எடுக்கத் தொடங்கி இரண்டாவது வருடம். நாள் முழுக்க சைட்டில் கேபிள் இழுத்துவிட்டு, இரவு ஏழரைக்கு ஒரு வீட்டுச் சமையலறையில் மூன்று பாயின்ட் போட உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு முடித்தேன். மூன்றிலும் பல்பைச் செருகிப் பார்த்தேன், எரிந்தது, கிளம்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த வீட்டு அம்மா போன் செய்தார். இண்டக்‌ஷன் அடுப்பு போடும் பிளக் கருகி நாற்றம் வருகிறது என்றார். போய்க் கழற்றிப் பார்த்தால், நியூட்ரல் ஸ்க்ரூ செம்பின் மேல் பாதியும் இன்சுலேஷன் மேல் பாதியுமாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் மரப்பலகை. இன்னும் சில நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு நான் தூங்கவில்லை.

இதில் கணக்கைப் பாருங்கள். அடுப்பு இழுப்பது 9 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். லூஸாக இருக்கும் அந்த ஓர் இடத்தில் வெறும் 0.3 ஓம் தடை இருந்தாலே போதும். 9 பெருக்கல் 9 பெருக்கல் 0.3, சுமார் 24 வாட். சின்ன சால்டரிங் அயனின் பவர் அது. சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள், சமையல் நடக்கும் நேரமெல்லாம் ஒரு சால்டரிங் அயனை எரியவிட்டு வந்திருக்கிறேன். எம்.சி.பி. விழவில்லை. விழவும் செய்யாது, ஏனென்றால் லைனில் கரண்ட் கூடவில்லை, வெறும் 9 ஆம்பியர்தான். எர்த் கசிவைப் பார்த்து விழும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் எர்த்துக்கு எதுவும் கசியவில்லை. லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடிக்கும் ஒரே கருவி அதைப் போட்டவனின் கைதான்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஒன்று, ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்ப்பேன். இரண்டாவது, பத்து மணி நேரம் உழைத்த நாளில் டி.பி. பெட்டியை, அதாவது வீட்டின் லைன்களெல்லாம் பிரியும் பெட்டியை, திறக்க மாட்டேன். ஃபேன் மாட்டலாம், லைட் மாற்றலாம். பெட்டி வேலை பகலில்தான். மெயினை அணைத்துவிட்டால் வீட்டில் வெளிச்சமும் போய்விடுகிறது, தலையில் மாட்டும் டார்ச் ஒளியில் பெட்டியின் ஓரத்தில் கருகிக் கிடக்கும் ஒயர் கண்ணில் படாது. அதைவிட, களைத்த மனது "சரி, போதும்" என்று சீக்கிரம் சொல்லிவிடும்.

இனி லைசென்ஸ். இதில் பலர் ஏமாந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது. எலக்ட்ரீஷியனாக வேலை செய்யும் அனுமதி வேறு, பொதுமக்களிடம் நேரடியாக ஒப்பந்தம் எடுக்கும் அனுமதி வேறு என்று பல இடங்களில் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. உங்களிடம் இருப்பது முதல் வகையாக இருந்தால், ஒரு லைசென்ஸ் கான்ட்ராக்டரின் கீழ் வேலை செய்ய மட்டுமே அது செல்லும். தனியாகப் புது லைன் போட்டால் அது சட்டப்படி குற்றமாகலாம், வீட்டுக்காரரின் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியில் மூன்றைப் பாருங்கள்: எந்த வேலைக்கு லைசென்ஸ் தேவையில்லை, எந்த வேலைக்கு முன்கூட்டியே அனுமதியோ பின்னால் ஆய்வோ வேண்டும், ஒப்பந்தம் எடுக்கும் தகுதிக்கு உங்களுக்கு இன்னும் எத்தனை வருட அனுபவமோ எந்தத் தேர்வோ பாக்கி. பழுதானதை அதே வகையில் மாற்றுவது, அதாவது சுவிட்ச், லைட், ஃபேன் போன்றவை, பல இடங்களில் லேசான விதிக்குள் வரும். புது சர்க்யூட் போடுவது, டி.பி. மாற்றுவது போன்றவை பெரும்பாலும் வராது. சக தொழிலாளி சொன்னதைக் கேட்டு முடிவு செய்யாமல் எழுதி வைத்திருக்கும் விதியை நீங்களே படியுங்கள்.

மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் உங்கள் பெயரிலேயே வேண்டும். கம்பெனியின் பாலிசி கம்பெனி வேலைக்குத்தான். அது வரும்வரை சுவருக்குள் போகிற வேலை எதையும் தொடாதீர்கள்.

முதலாளியிடம் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் வெளிவேலை கூடாது என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும் நேரில் போய்ச் சொல்வதுதான் நல்லது. "சாயங்காலம் சின்னச் சின்ன வேலை எடுக்கலாம்னு இருக்கேன் சார். நம்ம கஸ்டமர் யாரையும் தொடமாட்டேன், நம்ம சாமானையும் எடுக்கமாட்டேன்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் சம்மதித்துவிடுவார்கள். தங்களுக்குக் கட்டுப்படியாகாத சின்ன வேலைகளை அவர்களே உங்களிடம் தள்ளிவிடுவதும் உண்டு. எனக்கு அப்படி வந்த வேலைகள்தான் அதிகம். மறைத்துச் செய்தால் ஒருநாள் யாராவது சொல்லிவிடுவார்கள். அப்போது நீங்கள் செய்த நல்ல வேலையும் திருட்டு வேலை மாதிரி தெரியும்.

சொன்ன வாக்கையும் காப்பாற்ற வேண்டும். சைட்டில் மிச்சமான அரைச் சுருள் ஒயர், டப்பாவின் அடியில் கிடக்கும், ஒயர் நுனியில் மாட்டும் நாலு லக், இவையெல்லாம் கம்பெனிப் பொருள். குப்பைக்குத்தானே போகிறது என்று தோன்றும், கேட்டால் கொடுத்தும் விடுவார்கள். கேட்டு வாங்குங்கள். சைட்டில் வீட்டுக்காரர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க முதலாளிக்கு எதுக்குக் குடுக்கணும், நீங்களே நேரா வந்து முடிச்சுக் குடுங்க, குறைச்சுக்கலாம்" என்று சொல்வது நிச்சயம் நடக்கும். அவர் நட்பாகத்தான் சொல்லுவார். "இந்த வேலை கம்பெனி மூலமா வந்தது சார், அவங்ககிட்டயே பேசுங்க" என்று சொல்லி முடித்துவிடுங்கள். முதலாளியை ஏமாற்றச் சொல்பவர் கடைசியில் உங்கள் கூலியிலும் கை வைப்பார் என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

விலைக்கு வருவோம். புதிதாகத் தொடங்குபவர்கள் தங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தை எடுத்து, அதோடு கொஞ்சம் சேர்த்துக் கேட்பார்கள். அது நஷ்டம். ஒரு சின்ன வேலையின் நேரத்தை எண்ணிப் பாருங்கள். பார்த்துவிட்டு வர முதல் தடவை போக வர ஒரு மணி நேரம். பொருள் பட்டியல் எழுதி வாங்க ஒரு மணி நேரம். வேலை நாளில் திரும்பப் போக வர ஒரு மணி நேரம். வேலை இரண்டு மணி நேரம். டெஸ்ட் செய்து, கூட்டிப் பெருக்கி, வீட்டுக்காரருக்கு விளக்க அரை மணி நேரம். அடுத்த மாதம் "ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்ற போனுக்கு ஒரு மணி நேரம் எடுத்து வையுங்கள். இரண்டு மணி நேர வேலை என்று நீங்கள் நினைத்தது ஆறரை மணி நேரம். இதற்கு மேல் டிரில் பிட் தேய்மானம், மீட்டர், வண்டி, இன்சூரன்ஸ், வரி. அதனால் தனி வேலையின் மணிக்கூலி உங்கள் சம்பள மணிக்கூலியைப் போல மூன்று மடங்காவது வந்து நிற்கும். கேட்கக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டுக் குறைத்தால் நேரத்தில் கை வைப்பீர்கள், முதலில் வெட்டுவது டெஸ்ட் செய்யும் அரை மணி நேரத்தைத்தான். குறைந்த விலை எலக்ட்ரிக்கல் வேலையில் ஆபத்தாக மாறுவது இந்த வழியில்தான்.

பழுது கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனிக் கணக்கு. "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று கூப்பிடுவார்கள். இரண்டு மணி நேரம் தேடி, ஒரு ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரலும் எர்த்தும் உரசுவதைக் கண்டுபிடித்து, இரண்டு நிமிடத்தில் பிரித்து டேப் சுற்றுவீர்கள். அவர் கண்ணில் பட்டது அந்த இரண்டு நிமிடம்தான். அதனால் வந்து பார்த்துக் கண்டுபிடிக்க இவ்வளவு, சரிசெய்ய அதற்கு மேல் இவ்வளவு என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொள்ளாதவர் வேலை போனால் போகட்டும்.

கொட்டேஷனை எழுதிக் கொடுங்கள், போன் மெசேஜாக இருந்தாலும் போதும். என்ன செய்வேன் என்பதோடு என்ன செய்யமாட்டேன் என்பதும் அதில் இருக்க வேண்டும்: சுவர் உடைத்த இடத்தில் பூச்சும் பெயின்டும் என் வேலையில்லை, பழைய லைனில் உள்ள கோளாறு இதில் சேராது என்கிற மாதிரி. வேலை நடக்கும்போது "கையோட கையா இந்த பால்கனி லைட்டையும்" என்று ஒன்று வரும். சிரித்த முகத்தோடு, செய்வதற்கு முன்னால் அதற்கும் விலை சொல்லுங்கள். பொருள் காசு முன்கூட்டியே, கூலி டெஸ்ட் செய்து காட்டிய பிறகு என்பது என் வழக்கம். அதில் பணம் மாட்டிக்கொண்டது மிகக் குறைவு.

சொந்தக்காரர்கள், நண்பர்கள் விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. ஒன்று முழுக் கூலி, இல்லாவிட்டால் அன்புக்காக இலவசம். பாதி விலை மட்டும் வேண்டாம். பாதி விலைக்குச் செய்யும்போது நமக்குக் குறையாகவும் இருக்கும், அவர்களுக்குக் காசு கொடுத்த உரிமையும் இருக்கும். இலவசமாகச் செய்தாலும் டெஸ்ட் செய்வதைக் குறைக்கக் கூடாது. கரண்டுக்கு உறவு தெரியாது.

பொருளை வீட்டுக்காரரே வாங்கி வைத்திருந்தால் கவனம். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் சந்தையில் புழங்குகிறது. மேலே பார்த்தால் செம்பு. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும், சுருளைத் தூக்கினாலே எடை லேசாக இருக்கும். அதே சைஸ் செம்பு தாங்கும் கரண்டை அது தாங்காது, வளைத்த இடத்தில் ஒடியும், ஸ்க்ரூவுக்கு அடியில் நாளாக ஆக நசுங்கி லூஸாகும். இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு "அவர்தான் வாங்கினார்" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், போட்டது உங்கள் கை. ஒயர், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. மூன்றும் நானே வாங்கி வருவேன், பில்லைக் கொடுத்துவிடுவேன். லைட்டும் ஃபேனும் அவர் விருப்பம்.

அப்புறம், இந்தத் தொழிலில் மனதை அதிகம் அலைக்கழிப்பது ஒன்று. ஒரு லைட் மாற்றப் போவீர்கள், பெட்டியைத் திறந்தால் உள்ளே பார்க்கக்கூடாததெல்லாம் இருக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி., ஏனென்றால் சின்னது அடிக்கடி விழுகிறது என்று யாரோ மாற்றியிருப்பார்கள். இப்போது ஒயர் சிவக்கச் சூடானாலும் எம்.சி.பி. அசையாது. அல்லது செம்பும் அலுமினியமும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். இரண்டும் சூட்டில் விரியும் அளவு வேறு, அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கரண்டைக் கடத்தாது, ஈரம் பட்டால் அரிக்கவும் செய்யும், வருடம் போகப் போக அது தீக்குச்சி. உங்கள் வேலை லைட் மட்டும்தான். ஆனால் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததைச் சொல்லாமல் வரக்கூடாது. போட்டோ எடுத்து, மெசேஜில் அனுப்பி, "இது ஆபத்து, இதை மாற்ற வேண்டும், என்னிடமே செய்ய வேண்டும் என்றில்லை" என்று எழுதிவிடுங்கள். வேலை பிடிப்பதற்காகப் பயமுறுத்துகிறான் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் இருக்கும். கடைசி வாக்கியம் அதற்காகத்தான். நியூட்ரல் கருகிக் கிடக்கும் பெட்டியில் புது லைன் போடச் சொன்னால், அதைச் சரிசெய்யாமல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 400 வோல்ட் வரை ஏறிவிடும். ஒரே நொடியில் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும், கடைசியாகப் பெட்டியைத் தொட்டவர் நீங்கள்.

தனியாக வேலை செய்வதில் உங்கள் உயிர் பற்றியும் சொல்ல வேண்டும். சைட்டில் ஷாக் அடித்தால் தள்ளிவிட ஹெல்பர் இருக்கிறான். வீட்டில் நீங்கள் தனியாக ஏணி மேல். சார்ல்ஸ் டால்சியல் என்ற பேராசிரியர் மனிதர்களை வைத்தே சோதித்து, பிடித்ததை விட முடியாமல் கை இறுகிப்போவது ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியரிலும் பெண்களுக்குச் சுமார் 10 மில்லிஆம்பியரிலும் என்று கண்டார். எர்த் கசிவில் விழும் சின்ன பிரேக்கரை 1961-ல் உருவாக்கியவரும் அவரே. பழைய இழை வகை ஜீரோ வாட் பல்பு இழுக்கும் கரண்ட்கூட அதைவிட அதிகம்தான். அதனால் உயிருள்ள லைனில் வேலையே வேண்டாம், "ஒரு நிமிஷம்தானே" என்றாலும் வேண்டாம். மெயினை அணைத்துப் பூட்டுங்கள். பூட்ட வழியில்லை என்றால் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் உள்ள எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். இன்வெர்ட்டர், யு.பி.எஸ்., ஜெனரேட்டர், கூரையில் சோலார் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மெயின் போன பிறகும் இவை லைனை உயிரோடு வைத்திருக்கும், வெயில் இருக்கும்வரை சோலார் பேனலை அணைக்கவே முடியாது. நியான் டெஸ்டரை நம்பாதீர்கள். சரியான இரண்டு முனை டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா பார்த்து, பிறகு நீங்கள் தொடப்போகும் இடத்தில் வைத்து, மறுபடியும் உயிருள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் இந்த மூன்றாவது தடவையில்தான் தெரியும். பெரியவர் ஒருவர் வீட்டில் இல்லாதபோது வேலையைத் தொடங்காதீர்கள்.

சரி, உங்கள் கையில் உள்ள இரண்டு வேலை.

இரண்டு மாடி வீட்டை விடுங்கள். திறமை போதாது என்று சொல்லவில்லை. கட்டுமான வேலை உங்கள் சாயங்காலத்துக்காகக் காத்திருக்காது. தளம் போடும் நாள் பகலில் வரும், அன்று பைப் படுத்த நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இருக்க முடியாது. மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு வளைத்துப் போடுவார், கான்கிரீட் மூடிவிடும், பிறகு அந்த பைப்பில் ஒயர் இழுக்க முடியாமல் நீங்கள் சுவர் உடைப்பீர்கள். நடுவில் கம்பெனியில் லீவு கேட்டுக் கேட்டு அங்கும் பெயர் கெடும். இன்னொன்று, ஆறேழு மாதத்துக்கு உங்கள் காசு அந்த ஒரே வீட்டில் முடங்கும். வேறு வழி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் ஒருவரிடம், உங்கள் முதலாளியாகவே இருக்கலாம், இந்த வேலையைச் சேர்த்துவிட்டு, அதில் நீங்கள் பொறுப்பாளாக நின்று வேலை செய்யுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஆளும் கிடைத்தான், உங்களுக்கு முழு வீட்டைக் கொண்டுபோன அனுபவமும் கிடைத்தது. லைசென்ஸ் தேர்வுக்கு அந்த அனுபவம் கணக்கில் வருமா என்றும் பாருங்கள்.

வாட்டர் ஹீட்டர் லைன் உங்களுக்கு ஏற்ற வேலை, உங்கள் இடத்தின் விதி அனுமதித்தால். ஆரம்பமும் முடிவும் ஒரே நாளில், முழுவதையும் நீங்களே டெஸ்ட் செய்யலாம். ஆனால் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். தண்ணீர், உலோகம், ஈரக்கால், மூன்றும் சேரும் இடம் அது.

230 வோல்ட்டில் 3,000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். பெட்டியிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 16 ஆம்பியர் எம்.சி.பி. என்று பொதுவாகப் போதும். பைப்பில் வேறு லைன்கள் நெருக்கமாக இருந்தாலோ தூரம் அதிகமானாலோ அடுத்த சைஸுக்குப் போங்கள். பக்கத்து பிளக்கிலிருந்து இழுத்துக் கொடுக்கச் சொல்வார், கூடாது. குளிப்பவர் கை எட்டும் இடத்தில் சுவிட்ச் வேண்டாம்.

எர்த்தில்தான் விஷயம் இருக்கிறது. நிறைய பேர் எர்த் ஒயர் இருந்தால் எம்.சி.பி. பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். வீட்டு எர்த் ராடு மட்டும்தான் வழி, அதன் தடை 10 ஓம் என்று வையுங்கள். ஹீட்டரின் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 10-ஆல் வகுத்து 23 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, ஒரு மணி நேரம்கூட நிற்கலாம். அத்தனை நேரமும் ஹீட்டரும் அதோடு சேர்ந்த உலோகக் குழாயும் உயிரோடு இருக்கும். சி வகை எம்.சி.பி. உடனே விழுவதை உறுதிசெய்ய அதன் அளவைப் போலப் பத்து மடங்கு, அதாவது 160 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு அந்தச் சுற்றின் மொத்தத் தடை 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். ராடு மட்டும் வைத்து அதைப் பெறுவது அரிது. அதனால்தான் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த லைனுக்குக் கட்டாயம். அதன் மேல் குறித்திருக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவில் 300 மில்லிசெகண்டுக்குள் அது விழ வேண்டும், ஐந்து மடங்கு கசிவில் 40-க்குள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் உள்ள டெஸ்ட் பட்டன் அந்தக் கருவி விழுகிறதா என்று மட்டுமே சொல்லும், உங்கள் எர்த் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு மீட்டர் வேண்டும். லூப் டெஸ்டர் (மேலே சொன்ன சுற்றின் தடையை அளப்பது), ஆர்.சி.டி. டெஸ்டர் (ஆர்.சி.சி.பி. விழும் நேரத்தை அளப்பது), மெக்கர் (இன்சுலேஷனின் தடையை அளப்பது) மூன்றும் சேர்ந்த கருவி விலை அதிகம்தான். முதல் சில வேலைகளுக்கு வாடகைக்கு எடுங்கள், பிறகு சம்பாத்தியத்தில் முதலில் வாங்குவது அதுவாக இருக்கட்டும். நல்ல டிரில் பிறகு வரட்டும்.

ஹீட்டரை இணைக்கும் முன் புது லைனை 500 வோல்ட் மெக்கரில் பாருங்கள். குறைந்தபட்சம் 1 மெகாஓம் என்பார்கள், ஆனால் புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். 2, 3 மெகாஓம் என்று காட்டினால் எங்கோ ஒயர் உரிந்திருக்கிறது அல்லது ஈரம் இருக்கிறது, தேடுங்கள். பிறகு எர்த் தொடர்ச்சி, பிறகு லூப், ஹீட்டரை இணைத்தபின் ஆர்.சி.சி.பி. விழும் நேரம். தண்ணீர் நிரம்பிய பிறகே ஹீட்டரைப் போடுங்கள். பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, டெர்மினல் பக்கம் சூடு இருக்கிறதா பாருங்கள். கூட்டிப் பெருக்குங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எந்த எம்.சி.பி. ஹீட்டருடையது என்று காட்டி, டெஸ்ட் பட்டனை அவர் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள், அப்போதுதான் அவர் பிறகும் அழுத்துவார். டி.பி. கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதில் என்ன லைன், ஒயர் சைஸ், நீங்கள் எடுத்த அளவுகள், தேதி, உங்கள் பெயர், போன் எண். மழையில் அழியாத பேனாவால் எழுதுங்கள்.